நீலியின் ஒப்பனை அறைக்குள் ஓர் எட்டிப்பார்வை

பாதிப் பேய், பாதிப் பெண். ஊர் உறங்கிய பிறகு, ரத்தம் குடிக்கும் கூட்டத்தைத் தேடிப் போய் வேட்டையாடுகிறவள். முகத்தைப் பார்த்தால் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள் என்பீர்கள்; வயதைக் கேட்டால் ஆயிரத்துக்கு மேல் சொல்வாள். இப்படி ஒரு நாயகியை நடுவில் நிறுத்தி அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வரிசை வரிசையாக நாவல் வருகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நம் பக்கத்தில் ஓர் அக்கா இருக்கிறாள் என்று சொன்னால் நம்புவீர்களா? சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறுங்கள். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டி, திருவள்ளூரும் கடம்பத்தூரும் போய், திருவாலங்காட்டில் இறங்கினால் அவள் ஊர்ப்பக்கம் வந்துவிட்டது. ஊர் பழையனூர். பெயர் நீலி!

ஒரு படம் பிடித்துப்போனால் அது எப்படி எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளும்வரை நமக்குத் தூக்கம் வராது. யார் கதை, யார் நாயகி, எங்கே லொக்கேஷன், மேக்கப் போட எத்தனை மணி நேரம்! அதே ஆசையோடு நீலியின் கதை உருவான விதத்தைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம், வாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடக்கிற படப்பிடிப்பு இது. இன்னும் பூசணிக்காய் உடைக்கவில்லை!

நாயகி தேர்வு

இந்த வகைக் கதைக்கு உலகம் முழுக்க விதி ஒன்றுதான். வேட்டையாடுகிறவர் உடம்பில், வேட்டையாடப்படுகிற இனத்தின் ரத்தம் கொஞ்சமாவது ஓட வேண்டும். பால்கன் கிராமங்களில் ரத்தக்காட்டேரிக்கும் மனுஷிக்கும் பிறந்த பிள்ளையைத் 'தாம்பீர்' என்பார்கள். ஊரில் யார் கண்ணுக்கும் தெரியாத காட்டேரி அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் என்பது அங்கே நம்பிக்கை. 1973இல் மார்வெல் காமிக்ஸுக்காக மார்வ் வுல்ஃப்மேனும் ஜீன் கோலனும் உருவாக்கிய 'பிளேடு' இந்த வம்சம். 1983இல் ஹிதேயுகி கிகுச்சி ஜப்பானிய மொழியில் எழுதத் தொடங்கிய 'வாம்பயர் ஹன்டர் டி' இந்த வம்சம். இன்று ஆங்கிலப் புத்தகக் கடைகளில் பதின்வயதினர் அலமாரியில் கறுப்பு அட்டையோடு நிற்கிற பாதிப் புத்தகங்கள் இவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

நம் வீட்டில் தேடினால் முதலில் கிடைப்பவன் கடோத்கசன். அப்பா பீமன், அம்மா இடிம்பி. பாதி மனிதன், பாதி அரக்கன். பாரதப் போரின் பதினான்காம் நாள், சூரியன் விழுந்த பிறகும் சண்டை நிற்கவில்லை. தீப்பந்த வெளிச்சத்தில் போர். இருட்டு ஏற ஏற அவனுக்கு பலம் ஏறுகிறது! அந்த இரவில் எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறவன் அலாயுதன் என்ற அரக்கன். பீமன் கொன்ற பகாசுரனுக்காகப் பழிவாங்க வந்தவன். அவன் தலையைக் கொய்வது கடோத்கசன்தான். அரக்கனை வேட்டையாடும் பாதி அரக்கன்! விதியைப் புத்தகத்தில் எழுதி வைத்தது போலப் பொருந்துகிறது, இல்லையா?

ஆனால் நமக்கு வேண்டியது ஒரு பெண். தொண்டை மண்டலத்தில் அந்த இடத்துக்கு ஒரே போட்டியாளர்தான் உண்டு.

கதை விவாதம்: முதல் பாடம்

பழையனூர் நீலியின் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். எல்லாரும் சொல்கிற முதுகெலும்பு இது: ஒருவன் கட்டிய மனைவியை நம்பவைத்துக் கூட்டிப் போய்க் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். அடுத்த பிறவியில் அவன் வணிகன். பழையனூர் வழியாக வருகிறான். அவன் கையில் ஒரு மந்திர வாள். அது இருக்கிறவரை அவளால் நெருங்க முடியாது.

இப்போது கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு போங்கள். வழியோரத்தில் கள்ளிச்செடி. நீலி அதில் ஒரு கிளையை ஒடிக்கிறாள். பால் வடிகிறது. கிளையை இடுப்பில் வைக்கிறாள். கிளைக்குக் கை முளைக்கிறது, கால் முளைக்கிறது, அழுகுரல் வருகிறது! கள்ளிக்கொம்பு கைக்குழந்தையாகிவிட்டது. அந்தக் குழந்தையோடு ஊர்ச் சபைக்கு முன்னால் போய் நிற்கிறாள். 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்' என்று முறையிடுகிறாள். அவள் விடுகிற கண்ணீர்தான் இன்றுவரை நம் பேச்சில் 'நீலிக்கண்ணீர்'.

சபையில் எழுபது வேளாளர்கள். வணிகன் அலறுகிறான்: இவள் மனுஷி இல்லை, பேய். யார் நம்புவார்கள்? இடுப்பில் பிள்ளை இருக்கிறதே! வாளை வைத்துவிட்டு மனைவியோடு தங்கு என்கிறார்கள். உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது பேரும் வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்ததும் கதவைத் திறந்தால் அவன் பிணம். அவளைக் காணோம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

என்ன ஒரு கதை! தடயமும் விட்டுப் போயிருக்கிறது. பழையனூரில் அந்த எழுபது பேருக்கும் நினைவிடம் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்தச் சம்பவத்தைத் தொட்டுப் போகிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் பழையனூராரின் வாக்குத் தவறாமையைப் புகழ்கிறார். ஊரே சொந்தக் கதையால் பெயர் வாங்கியது.

இந்த முதல் பாடத்தில் நீலி வேட்டைக்காரிதான். ஆனால் ஒரே ஒருவனைத்தான் வேட்டையாடுகிறாள். அந்த வேட்டையில் குற்றமே செய்யாத எழுபது பேர் எரிந்துபோகிறார்கள். நாவலாசிரியர் யாராவது பக்கத்தில் இருந்தால் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்பார்: அதற்குப் பிறகு இவள் என்ன செய்தாள்? இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு எங்கே போனாள்?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய ஓர் ஆள் இருந்தார்!

கதை விவாதம்: இரண்டாம் பாடம்

பெயர் தெரியாத ஒரு சமணக் கவிஞர். பத்தாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர் என்பார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி' அவர் எழுதியது. அவர் செய்த காரியம் இன்றைய ரசிகக் கதாசிரியர்கள் அத்தனை பேரையும் துள்ள வைக்கும். எல்லாருக்கும் தெரிந்த வில்லியை எடுத்து நாயகி ஆக்கிவிட்டார்!

வடக்கே பாஞ்சால நாடு. சுடுகாட்டில் ஒரு காளி கோயில். ஆடு பலி கொடுக்க ஜனங்கள் வருகிறார்கள். அங்கே தவம் செய்துகொண்டிருக்கிற முனிச்சந்திரர், உயிருள்ள ஆட்டுக்குப் பதில் மண்ணில் ஆடு செய்து வையுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். காளிக்கு வந்ததே கோபம்! இந்த முனிவரை விரட்ட என்னால் ஆகாது, தெற்கே பழையனூரில் ஒருத்தி இருக்கிறாள், அவளைக் கூப்பிடு என்று நீலியை வரவழைக்கிறாள். ஆம், வடநாட்டுக் காளியே நம் திருவள்ளூர்ப் பக்கத்து ஆளைத்தான் உதவிக்குக் கூப்பிடுகிறாள்!

நீலி வந்து பயங்கர உருவங்கள் காட்டுகிறாள். முனிவர் அசையவில்லை. அழகான ராஜகுமாரியாக வந்து மயக்கப் பார்க்கிறாள். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் யார் தெரியுமா என்று நின்றவளை உட்கார வைத்துப் பேசுகிறார். அவர் அவளை விரட்டவும் இல்லை, ஆணி அடித்து மரத்தில் கட்டவும் இல்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்கிறார். நீலி யோசிக்கிறாள். மாறுகிறாள். இதற்குக் கைம்மாறாக என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். இந்த அறத்தை ஊர் ஊராகப் போய்ச் சொல் என்கிறார் அவர்.

அங்கே தொடங்குகிறது வேட்டை! பத்துச் சருக்கம் கொண்ட காப்பியத்தில் முதல் சருக்கம் மட்டும்தான் இந்த மனமாற்றம். மிச்ச ஒன்பதும் வாதப்போர். ஒவ்வொரு சருக்கத்துக்கும் ஓர் எதிராளி: அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசை. அந்த வரிசையில் முதலில் வருகிறவள் யார் தெரியுமா? குண்டலகேசி! அவள் சாதாரண ஆளா? தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போன கள்வன் கணவனைத் தானே தள்ளிவிட்டவள். பௌத்தக் காப்பியத்தின் நாயகி. 1950இல் வந்த 'மந்திரி குமாரி' படத்துக்கு மூலக்கதை அவளுடையதுதான். ஒரு காப்பியத்தின் நாயகி இன்னொரு காப்பியத்துக்குள் நுழைந்து அங்கிருக்கும் நாயகியோடு மோதுகிறாள். இன்றைக்கு இதைத்தான் 'கிராஸ்ஓவர்' என்று போஸ்டர் ஒட்டிக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு உடம்பு சிலிர்க்கிற இடம் கடைசிச் சருக்கம். பூதவாதி உலகாயதன்; உயிரென்றும் பேயென்றும் ஒன்றும் கிடையாது, எல்லாம் பூதங்களின் கூட்டு என்று சாதிக்கிறவன். அதுவரை எட்டுச் சபைகளில் வெறும் சொல்லை வைத்தே வென்றவள், இங்கே ஒரே ஒருமுறை தன் பழைய பேய் உருவத்தை எடுத்துக் காட்டுகிறாள். அவன் நடுங்கிப்போகிறான். நீ இல்லை என்று சொன்னதைக் கண்டு நீயே ஏன் பயப்படுகிறாய் என்பதே அவள் வாதம்! பேய்த்தன்மையை அவள் தொலைக்கவில்லை, அடக்கி வைத்திருந்தாள். எப்போது எடுப்பது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே பதின்வயதுப் பிள்ளைகள் கையில் இந்தக் காப்பியத்தின் கதையைக் கொடுக்கலாம். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு இதைப் பதிப்பித்துக் கொடுக்காமல் போயிருந்தால் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெண்ணைத் தெரிந்திருக்கும்?

லொக்கேஷன்

நகரத்தில் நடக்கிற மாயக்கதைக்கு லொக்கேஷன்தான் உயிர். லண்டனின் பாதாள ரயிலையும் நியூயார்க்கின் சந்துகளையும் எழுதி எழுதி அவர்கள் தேய்த்துவிட்டார்கள். நம் மேற்குப் புறநகர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். பிரித்துக்கூடப் பார்க்காத மூட்டைகள் கிடக்கின்றன.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை. நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கையில் டிபன் பாக்ஸோடு நடக்கிற தெருக்கள். அடுத்த நிறுத்தம் திருமுல்லைவாயல். தொண்டைமான் குறும்பர்களை வென்று அவர்கள் கோட்டையிலிருந்து எடுத்துவந்ததாகச் சொல்லும் வெள்ளெருக்குத் தூண்கள் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நிற்கின்றன. குறும்பர்களின் கோட்டைக்கு பைரவரே காவல் இருந்தார் என்பது தலபுராணம். அதே ஊரில் பச்சையம்மன் கோயிலுக்குப் போனால் மீசையும் உருட்டு விழியுமாகப் பிரமாண்டமான முனி உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவர்கள் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற குழந்தைக்கு டிராகுலா ஒரு பொருட்டா?

ஆவடியில் 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்கி செய்கிற இடம். அதைத் தாண்டினால் புட்லூர். அங்கே அங்காளபரமேஸ்வரி, புற்று வடிவில், நிறைமாதக் கர்ப்பிணியாக மல்லாந்து படுத்திருக்கிறாள். வேண்டிக்கொண்டு வரும் பெண்களின் கூட்டம் வண்டி வண்டியாக இறங்குகிறது. படுத்திருக்கிற இதே அங்காளிதான் மயானத்துக்கும் ராணி. அவளிடம் ஒப்பனை அறையில் மறுபடி வருவோம்.

கடைசியில் திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ரத்தின சபை. கதை ரத்தத்தில்தான் ஆரம்பிக்கிறது: அசுரர்களை அழித்து அவர்கள் ரத்தத்தைக் குடித்த காளி, வெறி அடங்காமல் இந்த ஆலங்காட்டில் உலவினாள். சிவன் வந்து ஆடலில் அவளை எதிர்கொண்டார். கால் தலைக்கு மேல் போன ஊர்த்துவ தாண்டவத்தில் போட்டி முடிந்தது. ரத்தம் குடித்தே அரக்கரை வேட்டையாடிய ஒருத்தி, குடித்த ரத்தமே தன்னை ஆட்கொள்ளத் தொடங்கியபோது என்ன ஆனாள் என்பதுதான் இந்தத் தலத்தின் கதை. எல்லாப் பாதிப்பேய் நாவலின் மையக் கேள்வியும் இதுதான்!

அந்த ஆட்டத்தைக் காலடியில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறவர் காரைக்கால் அம்மையார். புனிதவதி என்ற அழகிய வணிகப் பெண். கணவன் தன்னைத் தெய்வமென்று பயந்து விலகிய பிறகு, இந்த அழகு இனி எதற்கு, பேய் உருவம் கொடு என்று இறைவனிடம் வாங்கிக்கொண்டவர். எலும்பு துருத்திய உடம்போடு திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். தன்னைப் பேய் என்றே பாட்டில் சொல்லிக்கொண்டார். தமிழ்ப் பக்திப் பாட்டின் வாசலிலேயே, பேய் உருவத்தைப் பெருமையோடு அணிந்த ஒரு பெண் நிற்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துள்ளத் தோன்றுகிறது. ஒரே கிராமத்து எல்லைக்குள் காளி, காரைக்கால் பேய், பழையனூர் நீலி என்று மூன்று பேர்! ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளை வரலாறு படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தச் செப்பேடுகள் பதிவு செய்கிற கொடையே, பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த கொடைதான்.

ஒப்பனை

இப்போது மேக்கப் அறை. மாசி மாதம், மகாசிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசை. சென்னையிலும் திருவள்ளூர், வேலூர் பக்கங்களிலும் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை. காலையிலேயே வீட்டு வாசலில் உட்கார வைத்து முகத்தில் வண்ணம் பூசத் தொடங்குகிறார்கள். முதலில் முகம் முழுக்க ஒரே பூச்சு, பச்சையோ நீலமோ சிவப்போ. அது காய்ந்ததும் கண்ணைச் சுற்றி மை. கண் இரண்டு மடங்கு பெரிதாகிறது. வாயின் இரு ஓரத்திலும் கோரைப்பல். நெற்றி நிறையக் குங்குமம். பின்னால் ஒருவர் சிவப்புப் புடவையைக் கொசுவி இறுக்கிக் கட்டுகிறார். தலைக்குக் கிரீடம், கழுத்துக்கு எலுமிச்சை மாலை, கைக்குச் சூலம். சற்றுமுன் டீ குடித்துக்கொண்டிருந்த பையன் எழுந்து நிற்கும்போது காளி! பம்பை அடி விழுந்ததும் அவன் நடையே வேறு.

ஊர்வலம் மயானத்துக்குப் போகிறது. சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறையும் சூறை விடுகிறார்கள். கீழே விழுந்ததைப் பொறுக்க அத்தனை கை நீளுகிறது. எதற்கு இந்தக் கொள்ளை? சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ள, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டது. அவருக்கு இடுகிற பிச்சையை எல்லாம் கபாலமே தின்றுவிடுகிறது. அங்காளி மயானத்தில் உணவை வாரி இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. இறங்கியதும் பேருருவம் எடுத்துக் காலால் மிதித்து அடக்கினாள்! பசித்த பிசாசுக்குத் தீனி போட்டு வலைக்கு வரவழைத்துப் பிடிக்கிற வேட்டை உத்தி இது. எந்த ஆங்கில நாவலின் வேட்டைக்காரியும் அங்காளியிடம் வந்து பாடம் கேட்கலாம்.

தெருக்கூத்து ஒப்பனையையும் சொல்லாமல் விட மாட்டேன். கடோத்கசன் வருகிறான் என்றால் இரண்டு பேர் குறுக்கே திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும். முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடிக்குள் புகுந்துகொள்ளும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், மறையும். உள்ளிருந்து அடிவயிற்றுக் குரல். திரை விலகும்போது கூட்டம் மூச்சுவிடாது. மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்கிற அறிமுகக் காட்சிக்கு முன்னால் கோடி ரூபாய் கிராபிக்ஸ் தோற்றுப்போகும்.

மூன்றாம் பாடம்: பெங்களூரு ஃபிளாட்டில் நீலி

தெற்கே போன நீலி அங்கே இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தாள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் அவள் கதை இசக்கியின் கதையோடு கலந்தது. கேரளத்தில் அவள் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி. கள்ளியைப் பெயரிலேயே சுமக்கிறாள், பாருங்கள்! கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் யட்சிகளை அடக்கிய கதைகளில் அவளையும் சேர்த்துச் சொல்வார்கள்.

2025 ஆகஸ்ட் 28. மலையாளத்தில் 'லோகா: சாப்டர் 1 சந்திரா' வெளியானது, தமிழ் பேசியும் வந்தது. இயக்கம் டொமினிக் அருண். துல்கர் சல்மானின் வேஃபேரர் பிலிம்ஸ் தயாரிப்பு. சென்னையில் பிறந்த கல்யாணி பிரியதர்ஷன்தான் சந்திரா. பெங்களூருவில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடி வருகிற அமைதியான பெண். ராத்திரி ஷிஃப்டில் கஃபேயில் வேலை. வெயிலில் வர மாட்டாள். எதிர்வீட்டுப் பையன் சன்னி, அதாவது நஸ்லென், அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் யார் என்று தெரியவரும்போது, அவள்தான் கள்ளியங்காட்டு நீலி! அவளால் காயப்பட்ட கெட்ட போலீஸ்காரன் நாச்சியப்ப கவுடா தானும் ரத்தக்காட்டேரியாக மாறிவிடுகிறான். பாதிப்பேய்ப் பெண்ணும் முழுக்காட்டேரி ஆணும் மோதுகிறார்கள். நம் விதி, வரிக்கு வரி!

அந்தக் கவுடாவாக நடித்தவர் நம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி! பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் இ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் போட்ட பிக் பாஸ் வீட்டுக்குள் 2019இல் பாட்டும் கூத்துமாகச் சிரிக்க வைத்து இரண்டாம் இடம் பிடித்தவர். அதே மனிதர் தலைமுடியை ஒட்ட வாரி, கண்ணை அசைக்காமல் வந்து நிற்கும்போது வயிற்றில் புளி கரைகிறது. ஆடுகிறவர் உடம்பு என்பதால் காட்டேரியாக மாறிய பிறகு அந்தக் கழுத்தின் வெட்டும் முதுகின் வளைவும் அவருக்குத் தானாக வருகின்றன. கிராபிக்ஸ் தேவைப்படாத இடத்தில் உடம்பே கிராபிக்ஸ்!

சண்டை அமைப்பு யானிக் பென், ஒளிப்பதிவு நிமிஷ் ரவி, இசை ஜேக்ஸ் பிஜாய். 1983இல் 'ஆ ராத்ரி' படத்துக்கு இளையராஜா போட்ட 'கிளியே கிளியே' இந்தப் படத்தால் மறுபடி எல்லார் கைப்பேசியிலும் ஒலித்தது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் சாந்தி பாலச்சந்திரன். நடிகை, திரைக்கதையில் டொமினிக் அருணோடு வேலை செய்தவர். பெண் ஒருத்தி உட்கார்ந்து எழுதியதன் தெம்பு சந்திராவின் நடையில் தெரிகிறது. உலகம் முழுக்க 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். மலையாள சினிமாவில் அதுவரை எந்தப் படமும் தொடாத தொகை. கதாநாயகனை நம்பி எடுக்கப்பட்ட படம் இல்லை இது. நீலியை நம்பி எடுக்கப்பட்டது!

இங்கேயும் கவனியுங்கள். பழையனூரில் அவள் பழி தீர்த்தாள். நீலகேசியில் வாதம் செய்தாள். லோகாவில் காக்கிறாள். மூன்று பாடத்திலும் பேய் சக்தி ஒன்றுதான். அதை எதற்குச் செலவிடுவது என்று அவளே முடிவு செய்கிறாள். ஒவ்வொரு காலத்துக் கதைசொல்லியும் அவளுக்கு ஒரு புது வேலை கொடுத்தார். யாரும் அவளைச் சாதுவாக்கவில்லை. அதனால்தான் அவள் சாகாமல் இருக்கிறாள்.

நான்காம் பாடம் யாருடையது?

இனி நாவல் வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக, இந்த ரயில் பாதையிலேயே நடக்கிற, தமிழிலேயே எழுதப்பட்ட நாவல். நமக்கு இந்த ருசி புதிதும் இல்லை. ரயில் நிலையக் கடையில் மாத நாவல் வாங்கிப் படித்தே இரவுப் பயணத்தைக் கழித்த ஊர் இது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடர் ஓடிய நாட்களில் கருப்பு குதிரையில் வரும் சத்தத்துக்கு வீடே கதவைச் சாத்திக்கொண்டது. அந்தப் பயமும் அந்தப் பரபரப்பும் நம் ரத்தத்தில் இருக்கின்றன. அந்த மாத நாவல்களில் பயப்படுகிறவளாக மட்டும் வந்த பெண், இப்போது பயமுறுத்துகிறவளாகவும் காப்பாற்றுகிறவளாகவும் வரட்டும்.

கதைப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைத் திறந்தால் போர்க்களத்தில் பேய்கள் பல் துலக்கிக் குளித்துக் கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துச் சாப்பிடுகின்றன. அவற்றுக்குப் பசி உண்டு, வம்பு உண்டு, பார்ப்பனப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஆள்வகை உண்டு. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே பேய்களுக்கு ஒரு முழுச் சமூகத்தை எழுதிவைத்துவிட்டார் அவர்! வேட்டையாடப்படுகிற கூட்டம் எப்படி வாழும் என்று யோசிக்க இதைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. காளியிடமிருந்து வெறி, காரைக்கால் அம்மையிடமிருந்து துணிவு, அங்காளியிடமிருந்து உத்தி, நீலகேசியிடமிருந்து வாய். நாயகி தயார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கதை கிறுக்கிக்கொண்டிருக்கிற தங்கைகளே, தம்பிகளே! வெளிநாட்டுக் காட்டேரிகளைத் தாராளமாகப் படியுங்கள். நானும் ஆசை ஆசையாகப் படிக்கிறேன். கூடவே நூலகத்துக்குப் போய் நீலகேசி உரையைக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் வண்டியில் ஏறித் திருவாலங்காட்டையும் பழையனூரையும் பார்த்துவிட்டு வாருங்கள். மாசி அமாவாசையன்று மயானக் கொள்ளை ஊர்வலத்தில் ஒப்பனை போடுகிற இடத்தில் நின்று பாருங்கள். பிறகு எழுத உட்காருங்கள். உங்கள் நீலி எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாள், யாரை வேட்டையாடுகிறாள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் வரிசையில் முதல் ஆளாக நின்று வாங்கிப் படிக்க நான் தயார்.